பன்னிரண்டாம் பக்கம்

பேட்டி எடுக்கப் போகிறவளுக்குக் காது பெரிதாகவும் வாய் சிறிதாகவும் இருக்க வேண்டும். நம்முடைய பேட்டிக்காரிக்கு இரண்டும் அளவெடுத்துத் தைத்ததுபோல் அமைந்திருந்தன. கேள்வியைக் கேட்டுவிட்டு அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பாள். எதிராளி பதில் சொல்லி முடித்த பிறகும் அப்படியே உட்கார்ந்திருப்பாள். பத்து விநாடி, இருபது விநாடி. அந்த மௌனம் தாங்காமல் எதிராளி இன்னும் கொஞ்சம் சொல்வார். அந்த இன்னும் கொஞ்சத்தில்தான் விஷயம் இருக்கும். பல்கலைக்கழகத்தில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை என்றாலும் அவளுக்குத் தெரியும். கொஞ்சம் பெருமைகூட உண்டு.

படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்களைப் பற்றிய ஆய்வு அது. இத்தனை சதவீதம், அத்தனை சதவீதம் என்ற கணக்கெல்லாம் அதில் கிடையாது. இருபது பெண்கள், ஆளுக்கு ஒன்றரை மணி நேரம், வாயிலிருந்து வருவது வந்தபடியே. பெயர் எழுதக் கூடாது என்பது சட்டம். ஆளுக்கு ஓர் எண். அந்த மூன்றாவது மாடி வீட்டுப் பெண்ணுக்கு ஒன்பது விழுந்தது. நாமும் ஒன்பது என்றே சொல்வோம். அவள் கோபித்துக்கொள்ளமாட்டாள், எதற்கும் கோபித்துக்கொள்கிற ஜென்மம் இல்லை அது.

ஒன்பதுக்கு வயது நாற்பத்தாறு. இரண்டு அறை வீடு. முன்னறையில் ஓர் இரும்புக் கட்டில், சுருட்டிக் கட்டிய மெத்தையோடு சுவரோரம் கிடந்தது. அதில்தான் மாமியார் இரண்டு வருஷம் ஏழு மாதம் கிடந்தார். வலது பக்கம் மொத்தமும் விழுந்துவிட்டது. பதினோரு மாதத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் உயிரும் போய்விட்டது. ஒன்பது மாமியாரைப் பற்றிச் சொன்னதெல்லாம் சிரிப்பும் பெருமூச்சுமாகவே இருந்தது.

"வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சும்மா. ஆனா என்னைக் குறை சொல்ல அவங்களுக்கு மிச்சப் பக்கமே போதும்," என்றாள்.

முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டது, துணி மாற்றியது, ஒரு வாய்க் கஞ்சியை அரை மணி நேரம் ஊட்டியது, கல்யாணம் காட்சி என்று எங்கும் போகாதது, எல்லாம் பதிவுக் கருவியில் ஏறியது. ஒன்றரை மணி நேரம் ஆனதும் பேட்டிக்காரி கருவியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். ஒன்பது வாசல்வரை வந்தாள். கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

"மெஷினை அணைச்சாச்சாம்மா?"

"அணைச்சுட்டேன்க்கா."

அது பொய் இல்லை. அணைத்துத்தான் இருந்தாள்.

"அன்னிக்கு விடியக்காலம் அத்தை கூப்பிட்டாங்கம்மா. ரெண்டு தரம். எனக்குக் கேட்டுச்சு. முந்தின நாளு நாலு தடவ துணி மாத்தியிருந்தேன். இடுப்பு விட்டுப் போச்சு. ஒரே ஒரு நாளு எந்திரிக்க வேணாம்னு தோணுச்சு. கண்ணை மூடிட்டே கெடந்தேன். அப்புறம் இருமினாங்க. அப்புறம் ஒரு மாதிரி சத்தம். அப்புறம் ஒண்ணுமில்ல. அலாரம் அடிச்சப்புறம்தான் எந்திரிச்சேன்."

இந்த இடத்தில் மனுஷியாகப் பிறந்த எவளும் கையைப் பிடித்து, "விடுங்கக்கா" என்றிருப்பாள். பேட்டிக்காரி வாயைத் திறக்கவில்லை. கற்ற வித்தை அது. பத்து விநாடி போயிற்று. பதினைந்து போயிற்று. ஒன்பது குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள்.

"அவரும் முழிச்சுட்டுதான் இருந்தாரு. தூங்குற மூச்சு வேற, முழிச்சிருக்கற மூச்சு வேற. இருபத்திரண்டு வருஷமா பக்கத்துல படுக்கறவளுக்குத் தெரியாதா? நான் எந்திரிப்பேன்னு அவரு இருந்தாரோ, அவரு எந்திரிப்பாருன்னு நான் இருந்தேனோ. நான் அவர்கிட்ட கேட்டதில்ல. கேக்கவும் மாட்டேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா மனுஷன் ஒடைஞ்சு போயிடுவாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "யார்கிட்டயும் சொன்னதில்லம்மா. உங்ககிட்ட ஏன் சொன்னேன்னே தெரியல. போயிட்டு வாங்க."

பேட்டிக்காரி படியிறங்கி, பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டை எடுத்து, ஒரு சொல் பிசகாமல் எழுதிவிட்டாள். கருவி அணைந்த பிறகு பேசுவதை ஒரு மணி நேரத்துக்குள் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நினைவு தன் சொந்தச் சரக்கைச் சேர்த்துவிடும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எழுதலாமா என்று அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கேட்டால் வேண்டாம் என்பாள், அதனால் கேட்கவில்லை. படிக்காதவன் செய்தால் அதற்குக் களவு என்று பெயர். படித்தவர்கள் களக்குறிப்பு என்று வைத்திருக்கிறார்கள்.

பேராசிரியை அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்தார்.

"இந்த ஒரு பக்கத்துக்கு மத்த பத்தொன்பது பேட்டியையும் தூக்கிக் குடுத்துடலாம்," என்றார். "கட்டுரையை இதுல இருந்துதான் ஆரம்பிக்கணும். உன் பேரையும் சேர்த்துப் போடலாம். ஆனா ரெக்கார்ட்ல இல்லாதது. அவங்ககிட்ட காட்டிக் கையெழுத்து வாங்கிடு. இல்லேன்னா தொட முடியாது."

அந்தத் தொழிலில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. தட்டச்சு செய்த பேட்டியைச் சொன்னவரிடமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவர் படித்துப் பார்த்து, பிடிக்காத வரியை அடிக்கலாம். அடித்தால் அடித்ததுதான், ஏன் என்று கேட்கக் கூடாது. மிச்சத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டுத் தருவார். சொன்னவருக்கு நியாயம் செய்ய வந்த வழக்கம்; நல்ல மனசோடு யாரோ ஏற்படுத்தியதுதான். பேட்டிக்காரியும் தன் மனசாட்சியை அதை வைத்துத்தான் தட்டிக்கொடுத்தாள். அக்கா தனியாக உட்கார்ந்து படிக்கட்டும், வேண்டாம் என்றால் அடித்துவிடட்டும், பாவம் தீர்ந்தது. ஒப்புதல் படிவத்தில் ஒன்பது போட்ட கையெழுத்து அச்சுப்போல் குண்டு குண்டாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, படிக்கத் தெரியும் என்ற கட்டத்தில் இவளே டிக் போட்டிருந்தாள். வாயைத் திறந்து கேட்கவில்லை. ஊரைக் கேள்வி கேட்கிறவளுக்கு இந்த ஒரு கேள்வி தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் போனாள். அந்த நேரத்தில் கணவர் வேலையில் இருப்பார் என்பது கணக்கு. கதவைத் திறந்தது கணவர்.

அவர் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் படிக்கிற உத்தியோகம், பத்தொன்பது வருஷமாக. ஒல்லியான மனிதர், ஆனால் குரல் மட்டும் ஏழு ஊருக்குக் கேட்கும்.

"வாங்க மேடம், வாங்க! பேட்டியை எழுதிக் கொண்டாருவீங்கன்னு இவ மூணு வாரமா சொல்லிட்டிருக்கா. இந்த வாரம் எனக்குக் காலை ஷிப்ட்டு மாத்திட்டாங்க. நல்லதாப் போச்சு."

ஒன்பது உள்ளேயிருந்து முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். ஒரு கூடை துணியைத் தரையில் கொட்டி மடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு சட்டை இன்னும் கையில் இருந்தது.

"அக்கா, இதை நீங்க தனியா, நிதானமா படிச்சுப் பாத்துட்டு..."

"நான் எங்கம்மா படிக்க? எழுத்துக் கூட்டக்கூட வராது எனக்கு. பேரு மட்டும்தான் போடுவேன். கல்யாணமான புதுசுல இவரு கையைப் பிடிச்சு எழுதவெச்சாரு. ஒரு வாரம் ஆச்சு." அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "அவரு படிச்சுக் காட்டுவாரு."

ஒன்பதுக்குப் பயமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏன் இருக்கும்? கருவியிடம் சொன்னதுதான் காகிதத்தில் வரும் என்று அவள் நம்பினாள். கருவியிடம் அவள் ஊரறியச் சொல்லக்கூடாத ஒன்றையும் சொல்லவில்லை. அணைத்தாச்சா என்று கேட்டுக்கொண்டுதானே மற்றதைச் சொன்னாள்.

"குடுங்க மேடம்," என்று அறிவிப்பாளர் கையை நீட்டினார். "படிக்கிறதுதான் நமக்குச் சோறு போடுது."

"சார், ரொம்ப நீளம். நான் வேணா சுருக்கமா வாயாலயே சொல்லிடறேனே."

"சுருக்கம் எதுக்கு? எங்களுக்கு என்ன ரயிலா போகுது?"

"இல்ல சார், இது பழைய காப்பி. சரியான காப்பியை நாளைக்கு..."

"வந்தது வந்துட்டீங்க, இதையே பாப்போம்," என்று அவர் பையிலிருந்து எட்டிப்பார்த்த உறையை உரிமையோடு உருவிக்கொண்டார். பன்னிரண்டு தாள், மூலையில் கம்பி அடித்துச் சேர்த்திருந்தது. பன்னிரண்டாவது தாளில்தான் அந்தக் களக்குறிப்பு. அதற்குக் கீழேதான் கையெழுத்துக் கட்டம்.

பேட்டிக்காரி கடைசி முயற்சியாக ஒன்பதைப் பார்த்தாள். "அக்கா, ஒரு நிமிஷம் உள்ள வாங்களேன். தனியா ஒண்ணு கேக்கணும்."

"அவருக்குத் தெரியாம என்னம்மா இருக்கு நமக்குள்ள? இங்கயே கேளுங்க."

கேட்க முடியுமா? திருடனுக்குத் தேள் கொட்டினமாதிரி பேட்டிக்காரி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அறிவிப்பாளர் மூக்குக் கண்ணாடியை மாட்டி, தொண்டையைச் செருமி, தொடங்கினார். பஸ்ஸுக்குப் படிக்கிற அதே குரல். "பங்கேற்பாளர் எண் ஒன்பது!" என்று அவர் முழங்கியதில் பக்கத்து வீட்டுக்காரர்களே எந்த மேடை என்று கேட்டிருக்கலாம். ஒன்பது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவர் அழகாகப் படித்தார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தடுக்கல் இல்லை, திணறல் இல்லை. "கண்ணு ஒரு வரி முன்னாடி ஓடணும் மேடம், வாய் பின்னாடி வரணும். அதான் எங்க தொழில் ரகசியம்," என்று நடுவில் ஒரு பாடமும் எடுத்தார். மிச்சப் பக்கமே போதும் என்ற இடம் வந்தபோது அவரும் விழுந்து விழுந்து சிரித்தார். "அம்மாவை இப்படியா சொன்ன? அடிப்பாவி!" என்று மடித்த துண்டு ஒன்றை எடுத்து அவள்மேல் போட்டார். அவள் அதை எடுத்து மறுபடி மடித்தாள். தன் வாயிலிருந்து வந்ததை யாரோ காகிதத்தில் ஏற்றி, அது தனக்கே திரும்பிப் படிக்கப்படுவது அவளுக்கு வாழ்நாளில் முதல் தடவை. துணியை மடிக்கிற கை அவ்வப்போது நின்றுவிடும். வாய் பாதி திறந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

நாலாம் பக்கம். ஐந்தாம் பக்கம். பேட்டிக்காரி குடிக்கத் தண்ணீர் கேட்டாள். ஒன்பது எழுந்துபோய்க் கொண்டுவந்தாள். அவள் வரும்வரை அறிவிப்பாளர் தாளில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

ஏழாம் பக்கத்தில் அவரைப் பற்றி வந்தது. "'அவரும் கூடமாட செய்வாரு. அம்மாவைத் தூக்கி உக்காரவெக்கிறது அவருதான். வேலைல இருந்து வந்து சட்டையைக்கூட மாத்தாம அவங்க காலைப் பிடிச்சுவிடுவாரு. அந்த மாதிரி பிள்ளை கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்.'" இதைப் படிக்கும்போது மட்டும் அறிவிப்பாளரின் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதெல்லாமா சொன்ன?" என்றார். "உண்மையைத்தானே சொன்னேன்," என்றாள் ஒன்பது.

அந்த நிமிஷத்தில் பேட்டிக்காரிக்குக் கட்டுரையும் வேண்டாம், பெயரும் வேண்டாம். இந்த இரண்டு பேரும் இப்படியே துணி மடித்துக்கொண்டு இருந்தால் போதும் என்று மனசாரத் தோன்றியது. ஆனால் தோன்றி என்ன பயன்? எட்டு, ஒன்பது, பத்து என்று தாள்கள் புரண்டன. பதினோராம் பக்கம் முடியும்போது அவள் எழுந்தே விட்டாள்.

"பேட்டி அதோட முடிஞ்சுது சார். அடுத்தது எங்க ஆபீஸ் குறிப்பு. அது உங்களுக்குத் தேவையில்ல. குடுங்க."

"கையெழுத்துக் கட்டம் இதுலதானே இருக்கு?" என்று அவர் தாளைப் புரட்டினார். "களக்குறிப்பு மூன்று," என்று படித்தார்.

அதோடு நின்றார்.

கண் ஒரு வரி முன்னாடி ஓடிவிட்டது. வாய் பின்னாடி வரவில்லை.

பேட்டிக்காரி எத்தனையோ மௌனங்களில் உட்கார்ந்து எழுந்தவள். விநாடியை எண்ணுவது அவளுக்குப் பழகிப்போனது. அன்றைக்கும் எண்ணினாள், எண்ணாமல் இருக்க முடியவில்லை. பத்து. இருபது. அறிவிப்பாளரின் கண் வரி வரியாக இறங்கியது. ஒரு வரியில் நின்றது. திரும்ப மேலே போய், திரும்ப அதே வரிக்கு வந்தது. முப்பது. அவர் முகத்தில் கோபம் வருமா, அழுகை வருமா என்று இவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டும் வரவில்லை. சாயம் போன துணிமாதிரி இருந்தது முகம்.

"என்னங்க, நிறுத்திட்டீங்க? படிங்க," என்றாள் ஒன்பது.

"ம். படிக்கிறேன்." தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அதே குரலில், அதே ஏற்ற இறக்கத்தில் படித்தார்: "வீடு மூன்றாவது மாடி. அறைகள் இரண்டு. ஜன்னல்கள் இரண்டு. முன்னறையில் கட்டில் ஒன்று. வீட்டில் உள்ளவர்கள் அன்பாகப் பேசினார்கள்."

அந்தப் பக்கத்தில் ஜன்னலும் இல்லை, மாடியும் இல்லை. இல்லாததை இருப்பதுபோல் அவர் படித்தார், ஓரிடத்தில்கூடத் தடுக்காமல்.

"அட, ஜன்னலக்கூடவா எண்ணினீங்கம்மா?" ஒன்பது சிரித்தாள்.

பேட்டிக்காரி தலையை ஆட்டினாள். ஆமாம் என்று ஆட்டினாள்.

அறிவிப்பாளர் இப்போதுதான் அவளை நேராகப் பார்த்தார். "வேணாங்கறதை அடிக்கலாம்னு முதல் பக்கத்துல போட்டிருக்கு."

"அடிக்கலாம் சார்." அவள் அவசர அவசரமாகப் பேனாவை எடுத்து நீட்டினாள். நெஞ்சுக்குள் ஒரு கதவு திறந்தமாதிரி இருந்தது அவளுக்கு. அடிக்கட்டும், கிழிக்கட்டும், அந்தப் பக்கமே பூமியில் இல்லாமல் போகட்டும். "அந்தப் பக்கத்தையே அடிச்சிடுங்க சார், முழுசா. எங்களுக்கு அது வேண்டவே வேண்டாம்." இதை அவள் பொய்யாகச் சொல்லவில்லை. அந்த ஒரு நல்ல காரியத்தை அவள் கணக்கில் எழுதிவிடுவோம், ஏனென்றால் அன்றைக்கு அவள் செய்தது அது ஒன்றுதான்.

"முழுசா எதுக்கு?" என்றார் அவர். "நடந்தது நடந்தபடி இருக்கட்டும் மேடம். ஒரு எடத்துலதான் தப்பு."

"என்ன தப்புங்க?" என்றாள் ஒன்பது.

"ஆள் கணக்கு. ஒருத்தரைக் கூடப் போட்டிருக்காங்க."

தாளை முழங்காலில் வைத்து, மேலே ஒரு கையை அணைபோல் வைத்துக்கொண்டு கோடு போட்டார். அளவுகோல் வைத்துப் போடுகிறவரைப்போல மெதுவாகப் போட்டார். பேனாவைத் தூக்கி, போட்ட கோட்டின்மேல் இன்னொரு தரம் போட்டார். பேட்டிக்காரி நின்ற இடத்திலிருந்து எந்த வரி என்று தெரியவில்லை. கடைசியில் தாளை மனைவி பக்கம் நகர்த்தினார்.

"இங்க போடு."

ஒன்பது இரண்டு கையையும் முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பேனாவை வாங்கி, குனிந்து, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டாள். எழுதாத கைக்கு ஒவ்வொரு எழுத்தும் ஒரு மாடிப்படி. தாள் நகராமல் இருக்க அறிவிப்பாளர் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். அவள் எழுதப்போகும் கட்டத்துக்கு ஒரு விரற்கடை மேலே அவள் சொன்னதெல்லாம் கறுப்பு எழுத்தில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவளுக்கு அது வெறும் கறுப்பு.

சொல்லிவிடலாம் என்று பேட்டிக்காரி நினைத்தாள். அக்கா, போடாதீங்க என்று இரண்டே வார்த்தை. சொன்னால் அப்புறம் ஏன் என்று அவள் கேட்பாள். ஏன் என்று சொன்னால் பதினோரு மாதமாக அவள் பொத்திப் பொத்தி வைத்தது அவள் கண்ணெதிரிலேயே உடையும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது இவளுக்கு அப்போது தெரியாது. அறிவிப்பாளர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மிரட்டல் எல்லாம் இல்லை அந்தப் பார்வையில். பஸ் கிளம்பும் நேரம் ஆயிற்றா என்று கடிகாரத்தைப் பார்க்கிற பார்வை. அவள் வாய் திறக்கவில்லை. சிறிய வாய் என்று ஆரம்பத்திலேயே சொன்னோம்.

"போட்டாச்சு," என்று ஒன்பது நிமிர்ந்தாள். "எல்லாம் இருக்குங்களா? நான் சொன்னது எல்லாம்?"

"எல்லாம் இருக்கு," என்றார் அறிவிப்பாளர். தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தி, உறைக்குள் போட்டு, பேட்டிக்காரியிடம் கொடுத்தார்.

முதல் மாடித் திருப்பம்வரை அவள் பொறுத்தாள். அதற்குமேல் முடியவில்லை. சுவரில் சாய்ந்து உறையைப் பிரித்து, கடைசித் தாளை எடுத்தாள்.

அத்தை கூப்பிட்டது இருந்தது. இரண்டு தரம் கூப்பிட்டது, கேட்டது, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது எல்லாம் இருந்தது. இருமல் இருந்தது, சத்தம் இருந்தது, அதன்பிறகு ஒன்றுமில்லாமல் போனது இருந்தது. அவற்றில் ஒரு புள்ளியைக்கூட அவர் தொடவில்லை. 'அவரும் முழிச்சுட்டுதான் இருந்தாரு' என்ற இடத்தில் கோடு தொடங்கியது. 'மனுஷன் ஒடைஞ்சு போயிடுவாரு' என்ற இடத்தில் முடிந்தது. அழுத்திய அழுத்தில் தாளே கிழிந்திருந்தது. கோட்டை எடுத்துவிட்டுப் பார்த்தால், அந்தப் பக்கத்தில் ஒரு பெண் தன்னந்தனியாகப் படுத்துக்கொண்டு ஒரு கிழவி சாவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு யாரும் அந்த வீட்டில் இல்லை. அதற்குக் கீழே, படித்துக் காட்டப்பட்டது, சரி என்ற அச்சு வரிக்கு நேரே, குண்டு குண்டான கையெழுத்து. இனி அது சரிபார்த்த சாட்சி. பேராசிரியை தொடலாம். அடித்த வரி அடித்ததுதான், ஏன் என்று கேட்கக் கூடாது.

பாவி மனுஷா என்று அவள் சொன்னாள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மேலே ஏறிப்போகக் காலை எடுத்துவைத்தாள். இரண்டு படி ஏறியும்விட்டாள்.

அப்போது மூன்றாவது மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒன்பதின் முகம் தெரிந்தது. குனிந்து, இவளைத் தேடிக் கண்டுபிடித்து, சிரித்தது.

"நல்லவேளை, போயிட்டீங்களோன்னு பாத்தேன். சொல்ல மறந்துட்டேன்மா. அது புஸ்தகமா வந்துச்சுன்னா எனக்கு ஒண்ணு கொண்டாங்க. அவரு படிச்சுக் காட்டுவாரு."